நடேசன் வண்டியில் ஓடிய பல் டாக்டர் படம்

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை. வல்லம் கூட்ரோட்டில் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு செங்கமலம் நின்றிருந்தாள். டவுன் பஸ் வரவில்லை. ஒரகடத்துக் கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் காண்டிராக்ட் மேஸ்திரி அன்றைய பேரை அடித்துவிடுவார். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகச் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயின. அவற்றில் கம்பெனி ஆட்கள்தான் ஏறலாம். காண்டிராக்டில் துடைப்பம் பிடிக்கிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பஸ் மட்டும் தாண்டிப் போய் நின்று, பின்னோக்கி வந்தது. டிரைவர் எட்டிக் கதவைத் தள்ளினார்.

“இன்னா, குளிச்சிகினு கீறியா? ஏறு.”

“நான் காண்டிராக்ட்டுங்க.”

“உன் ஜாதகத்த கேட்டனா? ஏறு. பின்னால ஒருத்தன் ஆரன் அடிக்கிறான் பாரு, அவன் அப்பன் வூட்டு ரோடு மாரி.”

ஏறினாள். உட்கார இடமில்லை. தமக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடியைக் கையால் காட்டினார். அது தோசைக்கல்லாகக் கொதிக்கும். அவள் தயங்கி நிற்கும்போதே, முதுகுக்கு முட்டுக் கொடுத்திருந்த கோணியை உருவி அதன் மேல் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் வானம் வெளுத்திருந்தது. டவுன் பஸ்ஸும் வருகிற நேரம். ஆனாலும் அந்த பஸ் அதே இடத்தில் வந்து நின்றது. கோணி முன்னமே விரித்திருந்தது. அடுத்த மழைக்காலம் தாண்டியும் அப்படியே நடந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமே ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசவில்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த டிரைவர் நடேசனைப் பற்றி வேறு யாரைக் கேட்டாலும் வசவுதான் கிடைக்கும்.

வண்டியில் வந்தவர்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள். திருநெல்வேலி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் அறைக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று தங்கி, வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்றவர்கள். அவர்கள் நடேசனுக்கு வைத்த பேர் எமன். நேரம் ஆனால் வண்டி கிளம்பிவிடும். சாப்பாட்டுத் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவருகிறவளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைப் போடுவார். இசக்கிசெல்வி என்ற பெண்ணை ஒரு மாதத்தில் இரண்டு முறை அப்படி விட்டுவிட்டுப் போனதில், நாள் தவறாமல் வந்தால் கிடைக்கிற வருகைப் படி அவள் கையை விட்டுப் போயிற்று. அன்றிலிருந்து படியேறும்போதெல்லாம், “கட்டையில போவான்” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள். அவரும் விடமாட்டார். “போவேன், போவேன். நீ மின்ன ஏறு” என்பார்.

வண்டியின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் ‘எமன் வருகிறான்’ என்று எழுதிவைத்தார்கள். கிளீனர் துடைக்கப் போனபோது நடேசன் தடுத்தார்.

“வுடு. எய்தனவனுக்குக் கையெய்த்து நல்லா கீது.”

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையோரத்து ஊர்க்காரர் அவர். மீசை முளைக்கும் முன்பே மணல் லாரியில் கிளீனராக ஏறி, அடியும் உதையும் வாங்கி ஸ்டியரிங் பிடித்தவர். கம்பெனிகள் வந்த பிறகு ஒரு டிராவல்ஸ்காரரிடம் சேர்ந்து இந்த பஸ்ஸுக்கு வந்தார். திருவாதிரையன்று ஸ்ரீபெரும்புதூர் உடையவர் சன்னதியில் செங்கமலம் ஒருமுறை அவருடைய சம்சாரத்தைப் பார்த்தாள். இவள் தயங்கித் தயங்கி அவரைப் பற்றி விசாரித்தபோது அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

“வூட்ல வாயே தொறக்காது. சோத்தப் போட்டா துண்ணும், தட்டக் கயுவி வெச்சிட்டு படுத்துக்கும். அத்தினி வாயும் வண்டிக்குத்தான்னு இப்பத்தான் தெரியுது.”

இனி அந்தப் படத்துக்கு வரலாம். வண்டிக்கு வண்டி டி.வி. வைத்திருந்த காலம் அது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பின் உச்சியில், பயணிகளைப் பார்த்தபடி ஒரு டி.வி. பெட்டி, கியருக்குப் பக்கத்தில் டிஸ்க் ஓட்டுகிற பெட்டி. தியேட்டரில் வெள்ளிக்கிழமை வருகிற படம் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். எல்லாம் திருட்டு டிஸ்க். ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டை அருகே போலீஸ் மடக்கியது. டிஸ்க் கொடுத்தவன் பின்சீட்டில் சத்தமில்லாமல் இருந்துகொண்டான். அறை வாங்கியது நடேசன். அறுபது பேர் பார்க்க, நடுரோட்டில். வண்டிக்குள் திரும்பி ஏறியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “இனிமே இந்த வண்டில புதுப் படம் இல்ல.”

மறுவாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்து நடைபாதையில் பழைய டிஸ்க்குகளைக் குப்பலாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். அதில் ஒன்றை நடேசன் எடுத்தார். கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். அவருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. அட்டையில் பல் பிடுங்குகிற குறடோடு நின்ற வெள்ளைக்காரியைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார். கிளீனராக இருந்த நாளில், பகலில் லாரியை மெட்ராசுக்குள் விடமாட்டார்கள். டிரைவர் லாரிக்கடியில் படுத்துத் தூங்குவார். இவர் காலைக் காட்சிக்குப் போய்விடுவார். அப்போது பார்த்த படம் இது.

கதை ஊமைக்கும் புரியும். பல் டாக்டர் பெண் ஒருத்தி. வீங்கின கன்னத்தோடு வருகிற ஒருவன் வலி தாங்காமல் அவள் விரலைக் கடித்துவிடுகிறான். அவள் ஆத்திரத்தில் நல்ல பல்லைப் பிடுங்கிவிடுகிறாள். அங்கே பிடித்த சண்டை கோர்ட்டு வரைக்கும் போகிறது. நடுவில் அவனுக்கு அவள் மேல் ஆசை வந்து, வலிக்காத பல்லையெல்லாம் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு தினம் வந்து நிற்கிறான்.

வினை என்னவென்றால், வண்டி ஓட முக்கால் மணி நேரம். படம் அதைப்போல இரண்டு பங்கு. கம்பெனி கேட்டில் சாவியைத் திருப்பினால் கரண்டு போய், பெட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். போகும்போதும் முதல் பாதி. வரும்போதும் முதல் பாதி. கடி, பல் பிடுங்கல், கோர்ட்டு. நீதிபதி சுத்தியலைத் தூக்குகிற இடத்தில் கேட் வந்துவிடும். மாசக்கணக்கில் அந்த இரண்டு பேரும் நடேசன் வண்டியில் சண்டை மட்டுமே போட்டார்கள்.

“எண்ணே, இந்தப் பல்லுக்காரிய மாத்தப்பிடாதா? எங்க ஊர்ல காளி கூட வருசத்துக்கு ஒருக்காத்தான் ஆடுதா” என்பான் சக்திகுமார். கோவில்பட்டிப் பையன், வெடுக்கென்று பேசுவான், வண்டியில் பாதிப் பேர் அவன் சொல்கிற பக்கம் சாய்வார்கள்.

“அறை வாங்கறது நானு, படம் பாக்கறது நீயா? கம்முனு வா.”

“அப்போ படமே வேண்டாம், நிறுத்தும்.”

“அது எனுக்கு ஓடுது. உனுக்கு இல்ல.”

அதுதான் வேடிக்கை. டி.வி. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்த செங்கமலத்துக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பார்க்கிறவர்களின் முகந்தான். “மூடு”, “மாத்து” என்று கத்துகிற அதே முகங்கள், விரலைக் கடிக்கிற இடம் வரும்போது தங்களை அறியாமல் இளிக்கும். இசக்கிசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். நடேசன் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, யாரையோ ஜெயித்தவர் போல ஆரனை ஒரு முறை அடிப்பார்.

“தோ, இளிக்குது பார். திட்டிகினே இளிக்குது” என்று செங்கமலத்திடம் சொல்வார்.

ஒரு நாள் ஒரகடம் கூட்டுச் சாலைக்கு முன்னால் இரும்புத் தகடு ஏற்றிய லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. முன்னும் போகமுடியாது, பின்னும் போகமுடியாது. நடேசன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. அணைத்தால் படம் போய்விடும். நீதிபதியின் சுத்தியல் இறங்கியது. வண்டியில் முதன்முதலாகச் சத்தம் அடங்கிற்று.

“நீ போய்ப் பாரு. வண்டி எங்கயும் ஓடல” என்றார் செங்கமலத்திடம். அவள் எழுந்து சீட்டுகளுக்கு நடுவில் போய் நின்றாள். கொஞ்ச நேரங்கழித்துத் திரும்பிப் பார்த்தால், நடேசனும் இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அன்றுதான் அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். கிளீனர் பையனாகத் தரை டிக்கெட்டில் குந்தியிருந்த ஒருவன் அந்த நரைத்த மீசைக்குள் வந்து உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் அந்தப் பல்லுக்காரிக்கு வேறொருவனோடு கல்யாணம் ஏற்பாடாகிவிடுகிறது. மாதா கோயிலில், கூட்டத்தின் கடைசி வரிசையில், நம்மவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகுகிறான். மணப்பெண் திரும்பிப் பார்க்கிறாள். பூச்செண்டை மாப்பிள்ளை கையிலேயே திணித்துவிட்டு, வெள்ளை அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “வாயைத் திற” என்கிறாள். சக்திகுமார் விசில் அடித்தான். இசக்கிசெல்வி அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு பையன் நடேசனுக்குத் தன் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினான். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

பெருமாளே, இனி இவர்களுக்குள் பகை தீர்ந்தது என்று செங்கமலம் நினைத்தாள். தீரவில்லை. முடிவு தெரிந்ததுதான் கேடாகப் போயிற்று. அதுவரைக்கும், அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்களோ என்று ஓர் ஆசையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நடேசன் மறுநாளும் அதே டிஸ்க்கைப் போட்டார்.

“அதான் கெட்டிக்கிட்டாவல்லா! இனி எதுக்கு இந்தச் சனியன்?” என்று பின்னாலிருந்து கூச்சல் கிளம்பிற்று. காகிதத்தைச் சுருட்டி டி.வி. மேல் எறிந்தார்கள். அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிடிவாதத்தில் அவருக்கும் குறைவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் வல்லத்தில் செங்கமலம் ஏறியதும், டயரைத் தட்டிப் பார்க்க நடேசன் கீழே இறங்கினார். சக்திகுமார் சரசரவென்று முன்னால் வந்தான்.

“யக்கா, செத்த தள்ளிக்கோங்க.”

பல் டாக்டரை வெளியே எடுத்துவிட்டு ஒரு புதுப் பட டிஸ்க்கைச் செருகினான். அவள் வாயைத் திறப்பதற்குள் சீட்டுக்குப் போய்விட்டான். நடேசன் ஏறி வண்டியை எடுத்தார். மேளமும் பாட்டும் வெடித்தன. வண்டி முழுக்கக் கை தட்டிற்று. அவர் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, டிஸ்க்கை உருவினார்.

“எவன்து?”

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“எவன்தோ அவன் எறங்கி வா. வாங்கிகினு நடந்து போ. வண்டி கெளம்பும்.”

“நேரமாகுது, வண்டிய எடும்யா!” என்றான் சக்திகுமார்.

“உன்துன்னு சொல்லு, எடுக்கறேன்.”

“என்னதுன்னு நீரு கண்டீரா?”

நடேசன் டிஸ்க்கை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து ஜன்னல் வழியே எறிந்தார். அதோடு வண்டி கொந்தளித்துவிட்டது. பெண்கள் எழுந்து நின்று அழுதுகொண்டே வைதார்கள். “எங்க சம்பளம் போச்சுன்னா உம்ம பொண்டாட்டியா தருவா?” என்றாள் இசக்கிசெல்வி. தூக்குச்சட்டி மூடி ஒன்று பறந்து வந்து ஸ்டியரிங்கில் பட்டது. மற்றக் கம்பெனி பஸ்கள் ஊளையிட்டுக்கொண்டே தாண்டிப் போயின. நடேசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே இருக்கிற செங்கமலத்திடம் ‘எவன்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“அண்ணே, பொண்ணுங்க அய்துங்க” என்றாள் அவள், மெதுவாக.

அவர் சாவியைத் திருப்பினார்.

அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. லைன் நின்று, சூபர்வைசர் ஒவ்வொருவராக நிற்கவைத்துக் கேட்டார். மதியம் கேண்டீனில் செங்கமலம் மேஜைக்கடியில் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சக்திகுமார் கூட்டத்தைக் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“வண்டிய நிறுத்துனாம்னு சொன்னா சும்மா வார்னிங் குடுப்பானுவ. குடிச்சிருந்தாம்னு சொல்லணும். லைசென்சே போயிரும்.”

“அவரு குடிச்சிருந்தாரா?” என்றாள் இசக்கிசெல்வி.

“நாம அம்புட்டு பேரும் சொன்னா குடிச்சிருந்தாருதான்.”

செங்கமலத்தின் கை துடைப்பதை நிறுத்திவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் குடிகார டிரைவர் என்று பேர் வாங்கினால் மாட்டுவண்டிகூட யாரும் கொடுக்கமாட்டார்கள். இல்லை என்று இவள் சொல்லலாம். ஆனால் இவள் அந்த வண்டியில் வந்ததை எப்படிச் சொல்வது? சொன்னால் இவளுக்கும் சவாரி போகும். ஏற்றிக்கொண்டு வந்த குற்றம் அவர் தலையில்தான் விழும். வாய் திறந்தாலும் அவருக்குக் கேடு, மூடினாலும் கேடு. உடையவரே, நீர் ஒரு வழி காட்டும் என்று சொல்லிச் சொல்லி அன்றைக்குத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிற்கிற இடத்தில் விசாரணை. கம்பெனியில் பஸ் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிற தோத்தாத்ரி வந்தார். ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருக்காரர், அதிர்ந்து பேசாதவர்.

“என்ன நடேசன், இத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றா. நேத்திக்கு நீங்க தண்ணி போட்டிருந்தேளாம்.”

“சொல்லட்டும் சார்.”

“இல்லைன்னு சொல்ல மாட்டேளா?”

“சொன்னா நம்பிடுவீங்களா? அறுவது வாயி ஒரு பக்கம் கீது.”

செங்கமலம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள். நடேசன் அவளைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. வராதே என்று அர்த்தம். வந்துவிட்டாள்.

“சாமி, அவர் குடிக்கல.”

“நீ யாரும்மா?”

நடேசன் முந்திக்கொண்டார். “அது யாரோ சார். கூட்டறது. இதும் மூஞ்ச நான் பாத்ததே இல்ல.”

“பொய் சொல்றாரு சாமி” என்றாள் செங்கமலம். “தினம் அந்த வண்டில, அவர் பக்கத்துல இன்ஜின் மேல உக்காந்துகினு வர்றவ நான். அவர் மூச்சு எம் மேல படும். நேத்திக்கும் வேப்பங்குச்சி வாடைதான் வந்துது. உடையவர் மேல ஆணையா சொல்றேன்.”

இசக்கிசெல்வி தரையைப் பார்த்தாள். “குடிக்கல சார்” என்று அவளும் முனகினாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சக்திகுமார் பல்லைக் கடித்தான்.

“ஏ யக்கா, அப்போ வண்டி எதுக்கு நின்னுதுன்னு சொல்லுங்க. யாரு டிஸ்க்கு மாத்துனாம்னும் சொல்லுங்களேன், பாப்போம்!”

அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளப் பார்த்தான். செங்கமலம் அவன் முகத்தைப் பார்த்தாள். ஊரில் அவனை நம்பி யாரோ இருப்பார்கள் என்று தோன்றிற்று.

“அத்த அவர் கேக்கல. நானும் சொல்லல” என்றாள்.

தோத்தாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. குடிச்ச விஷயம் இல்லைன்னு ஆயிடுத்து. ஆனா காண்டிராக்ட் ஆளை நம்ம வண்டியிலே தினம் ஏத்திண்டு வந்திருக்கார். வழியிலே ஏதாவது ஆயிருந்தா கம்பெனி பதில் சொல்லணும். தெரியாம இருந்தா பரவாயில்லே. இப்போ என் காதிலே விழுந்துடுத்தே.” அவர் சங்கடப்பட்டது நிஜந்தான். “இப்பவே இந்த வண்டிக்கு வேற டிரைவர் அனுப்பச் சொல்றேன்.”

அவ்வளவுதான். டிராவல்ஸ்காரர் நடேசனைத் தண்ணீர் லாரிக்கு மாற்றிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. லைசென்ஸ் பிழைத்தது. செங்கமலத்தை மேஸ்திரி கூப்பிட்டு, இனி எந்தக் கம்பெனி வண்டிப் பக்கமும் தலைகாட்டக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் அவள் கேட்டைத் தாண்டி வந்தபோது, டீக்கடைப் பக்கத்தில் நடேசன் தோளில் துணிப் பையோடு தனியாக நின்றிருந்தார். வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போயாகிவிட்டது. சக்திகுமாரின் விசில் ரோடு திரும்புகிற வரை கேட்டது. அவள் அவரிடம் போனாள். மன்னிப்புக் கேட்பதா, நமஸ்காரம் சொல்வதா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அவரை அவள் பார்க்கவேயில்லை; பார்க்கமாட்டோம் என்று அப்போது தெரியாது.

“அண்ணே,” என்றாள்.

“இன்னா அண்ணே? நொண்ணே!” என்று சீறினார். “உன்ன எவன் பேசச் சொன்னான்? நான்தான் தெரியாதுன்னு சொன்னேனே, அப்டியே போயிருந்தா இன்னா? பொய் சொன்னவன் அத்தினி பேரும் குந்திகினு போறான் பாரு. நீ நடக்கற. உடையவர் வந்து உனுக்கு வண்டி ஓட்டுவாரா?”

அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, பெரும்புதூர் போகிற ரோட்டை ஒரு முறை பார்த்தார்.

“இருட்டப் போவுது. வலது பக்கமா போ, எதுர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியும். லைட்டு போடாத லாரி நெறைய வரும். போ.”